ஆறுக்குப் பிறகு ஒன்பது

ஜனவரி 8

அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மகள் பாப்பாவும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி சொன்னார்கள். இனி மேல்மாடிக்காரரோடு யார் போய்ச் சண்டை போடுவார்கள், பாவம்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் கிழித்தாலும் மிச்சத்தைப் படிக்க ஒட்டித்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். பாப்பாவின் கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் பெயர் அவளுடையது, கடைசிப் பெயர் என்னுடையது. உன் பெயரும் உள்ளே ஓர் இடத்தில் வருகிறது, உன் சமன்பாடு பொருந்தவில்லை என்று சொல்லும் இடத்தில்.

அண்ணி, நீங்களும் இதைப் படிப்பீர்கள், அதனால் எளிதாகவே எழுதுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாளி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கலம் இருக்கிறது. அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுவோம். உள்ளே மேலொன்று கீழொன்றாக இரண்டு உலோகத் தட்டுகள். அவற்றுக்கிடையே மின்சாரம் பாய்ச்சினால் வாயு ஒளிரும், அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கீழ்த்தட்டின் மேல் சீராகப் படர்ந்திருந்த ஒளி ஒரு கட்டத்தில் உடைந்து, சட்டைப் பொத்தான் அளவுப் புள்ளிகளாகும். அவை தாமாகவே போய் வட்டமாக, சம இடைவெளி விட்டு நிற்கும். யாரும் பிடித்து நிறுத்துவதில்லை. மின்சாரம் கூடக் கூடப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடும், நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் சமன்பாடு எழுதிப் பெரிய பெயர் வாங்கினார். உங்கள் மகள் என்ன கண்டாள் தெரியுமா? ஆறு வரை சரி. ஆறுக்குப் பிறகு ஒன்பது! நடுவில் ஏழும் கிடையாது, எட்டும் கிடையாது.

அண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்த பிறகு கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொள்.

தங்கை


ஜனவரி 27

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்காலுக்கு ஒன்றும் கேடில்லை. உன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இல்லையென்றால் இப்போதே ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலே படி.

கட்டுரையை வரவழைத்துப் படித்தேன். படங்கள் அழகு. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஏழையும் எட்டையும் காணோம் என்று ஊரைக் கூட்டுவதற்கு முன் உன் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாயா? தட்டில் ஒரு கீறல் இருந்தாலோ, யாரோ விரலால் தொட்ட பிசுக்கு இருந்தாலோ புள்ளி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது வாயு தானாக அமைத்த ஒழுங்கில்லை, அழுக்கு அமைத்த ஒழுங்கு. சின்ன வயதிலிருந்தே தேய்த்துக் கழுவுவதென்றால் உனக்கு வேப்பங்காய். நீ கழுவிய பாத்திரத்தை அம்மா மறுபடி கழுவியதை நான் மறக்கவில்லை.

இதற்குச் சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். புள்ளிகள் தட்டோடு சேர்ந்து திரும்பினால் அழுக்கு. திரும்பாவிட்டால் வாயு. அரை நாள் வேலை. செய்தீர்களா? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

பாப்பா எனக்குக் கடிதமே போடுவதில்லை. அவளை உன் வீட்டு மாடியில் குடிவைத்து, உன் கீழேயே படிக்க அனுப்பினேன் பார், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுக்கு என் ஆசி. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, காலியாக விடுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டேன். இரண்டு.

என் தட்டைப் பற்றிப் பேசுகிறாயே, உன் சமன்பாடு எந்தப் படத்தைப் பார்த்து எழுதியது? நான் எடுத்த படம். அன்று உன்னிடம் ஒரு காகிதமும் பேனாவும்தான் இருந்தன. ஒரு குளிர்காலம் முழுக்கக் கலத்தின் முன்னால் உட்கார்ந்து நான் எடுத்த படங்களை உறையோடு தூக்கிக்கொண்டு போனாய். கட்டுரை வந்தது. உன் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘படங்கள் தந்து உதவிய என் தங்கைக்கு நன்றி’. உதவிய! நான் என்ன, கடைக்குப் போய் உனக்குப் பால் வாங்கி வந்தேனா? உன் பெயரில் ஒரு சமன்பாடு இருக்கிறது. என் பெயரில் ஒரு நன்றி இருக்கிறது. போதுமடா சாமி.

தட்டைத் திருப்பினோமா இல்லையா என்று உனக்கு நான் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? நீ என்ன எனக்கு மேலதிகாரியா?

பாப்பா வேலை செய்வதை ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கிறாயா? மின்சாரம் கூட்டும் திருகியை அவள் திருப்புவது கண்ணுக்கே தெரியாது. ஒளி உடையப் போகும் நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்வாள். உடைந்ததும், “வந்துருச்சு அத்தை, வந்துருச்சு!” என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி. எத்தனை முறை பார்த்தாலும் அதே அடி. எனக்கு இடது தோள் நிரந்தரமாக வலிக்கிறது.

அப்பாவுக்கு ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். “எழுதினா சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவார் அத்தை” என்றாள். 

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஜூலையில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. முடிந்தால் முனைவர் பட்டம். வேறு ஊரில் ஓர் ஆய்வு நிலையம் அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறது, அக்டோபர் முடிவதற்குள் பட்டம் கையில் இருந்தால். குழந்தை குதித்துக்கொண்டிருக்கிறாள். உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, அது போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

இங்கே நலம். வெயில் தொடங்கிவிட்டது. உன் இடது தோளுக்கு எண்ணெய் தேய்.

சும்மா இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் கட்டுரையில் இருக்கும் படங்களையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்து புள்ளியானாலும் ஆறானாலும் ஒன்பதானாலும், ஒவ்வொரு படத்திலும் ஒரு புள்ளி சரியாக உச்சியில் நிற்கிறது, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில். ஒரு படம்கூடத் தப்பவில்லை. மேல் எது கீழ் எது என்று வாயுவுக்குத் தெரியுமா? அதுவாக அமைந்தால் ஒருநாள் இங்கே நிற்கும், ஒருநாள் அங்கே நிற்கும். எப்போதும் ஒரே இடம் என்றால் அந்த இடத்தில் தட்டில் ஏதோ இருக்கிறது. உங்கள் ஒன்பது அதனால் வந்தது.

இதை ஒரு மறுப்புக் குறிப்பாக எழுதியிருக்கிறேன். உங்கள் கட்டுரை வந்த அதே பத்திரிகைக்கு. அனுப்புவதற்கு முன் உனக்கு ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். எங்காவது நான் தவறியிருந்தால் சொல். உன்னை மட்டம் தட்டக் கேட்கவில்லை. உன்னை மட்டம் தட்டுவதென்றால் கேட்காமலே செய்வேன். அவள் பெயர் முதலில் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். இந்த மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அண்ணன் இப்படிச் செய்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் புலம்பாதே.

அண்ணன்


மார்ச் 29

அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

குறிப்பைப் படித்தேன். உன் இஷ்டம்.

காற்றை உறிஞ்சும் பம்புக்கு எண்ணெய் மாற்றினோம், சத்தம் குறைந்திருக்கிறது. பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறாள், அதனால் உன் காகிதத்தை அவளிடம் காட்டவில்லை. மாடி அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கிப் போட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? இருப்பாய். உனக்கென்ன.

என் குறிப்பு அச்சில் வந்துவிட்டது. பாராட்டிச் சிலர் எழுதினார்கள். சரி, சந்தோஷப்படலாம் என்று நாற்காலியில் சாய்ந்தேன். சமையலறையிலிருந்து வந்த உன் அண்ணி, ஈரக் கையோடு போனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். “உங்க காகிதத்தால நம்ம பொண்ணோட பரீட்சைய நிறுத்திட்டாங்களாம். இப்ப நிம்மதியா?” என்றாள். என்னடி சொல்கிறாய் என்று கேட்டேன். அச்சில் வந்த மறுப்புக்குப் பதில் வராமல் தேர்வு நடத்த முடியாது என்று உங்கள் துறைத் தலைவர் சொல்லிவிட்டாராம். ஜூலையில் இருந்த தேர்வுக்கு இப்போது தேதியே கிடையாதாம். 

நான் எதிர்த்தது உன் அழுக்குத் தட்டை. அவள் பட்டத்தை இல்லை. இதை நீ ஏன் எனக்கு எழுதவில்லை? மறுப்பு அச்சாவதற்கு முன் பத்திரிகை உங்களிடம் பதில் கேட்டிருக்குமே, அதுதானே வழக்கம்? பதிலை ஏன் தரவில்லை? இல்லையா, அல்லது இருந்தும் தரவில்லையா?

இரண்டு நாளாக உன் அண்ணி என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். உடனே எழுது.

அண்ணன்


ஜூன் 28

அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் இந்த முறை அண்ணிக்கு மட்டும்.

பதில் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தட்டைத் திருப்பினோம், நீ சொல்வதற்கு வெகு முன்பே. கால்வட்டம் திருப்பினோம், அரைவட்டம் திருப்பினோம், கழற்றிக் கவிழ்த்தும் போட்டோம். புள்ளிகள் தட்டோடு திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்தான் நிற்கின்றன. சில நாள் ஒன்பதும் சேர்ந்து ராட்டினம் மாதிரி மெதுவாகச் சுற்றவும் செய்கின்றன. எங்கே நின்றாலும், எப்படிச் சுற்றினாலும், ஆறுக்குப் பிறகு ஒன்பதுதான்.

பின்னே படங்களில் மட்டும் ஏன் எப்போதும் உச்சியில் ஒரு புள்ளி? நன்றாகக் கேள். அச்சுக்குக் கொடுக்கும் முன் உன் மகள் ஒவ்வொரு படத்தையும் கணிப்பொறியில் திருப்பியிருக்கிறாள். ஒரு புள்ளி உச்சிக்கு வரும்வரை திருப்பி நிறுத்தியிருக்கிறாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதியாக இருக்கும் என்று. இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? கல்லூரி விடுமுறைகளில் உன் மேசையருகே உட்கார வைத்து, நீ கணக்குப் போட்டு வரைந்த படங்களை அடுக்கச் சொன்னாயே, அப்போது வந்தது. “முதல்ல ஒரு புள்ளிய மேல நிறுத்து, அப்புறம் பேசு” என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது யார்? கணக்கில் வரும் படத்துக்குத் தட்டும் கிடையாது, திசையும் கிடையாது. அதை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் கெடாது. நிஜப் படத்தைத் திருப்பினால், திருப்பினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் மறந்துவிட்டாள். இத்தனை கட்டுரை எழுதிய நானும் கவனிக்கவில்லை. நீ கண்டுபிடித்த கீறல் தட்டில் இல்லை அண்ணா, உன் மகளின் கையில் நீயே போட்டுவிட்டது.

மார்ச்சிலேயே உனக்குத் தெரியுமா என்பாய். உன் காகிதத்தில் முதல் பக்கம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. சிரித்தேன். பத்திரிகை பதில் கேட்டபோது, முதலில் மறுப்பு அச்சாகட்டும், பதில் பிறகு தருகிறோம் என்று எழுதினேன். நீ எல்லார் முன்னாலும் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்ன எழுத்தில் இல்லை, பெரிய எழுத்தில். நான் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. தேர்வை நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே நினைக்கவில்லை.

நாங்கள் பதில் எழுதி, அது பரிசீலனையாகி, அச்சாக வருடம் முடிந்துவிடும். அவள் வேலை கைவிட்டுப் போய்விடும். நீயே குறிப்பை வாபஸ் வாங்கினால் உடனே தேர்வு வைப்பதாகத் துறைத் தலைவர் சொல்கிறார். வாங்கு.

தங்கை


ஆகஸ்ட் 5

தங்கைக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இல்லை. உனக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், பேனாவை எடுத்தபோதெல்லாம் வாயில் வந்த வார்த்தைகள் காகிதத்தில் எழுதும்படி இல்லை. வாபஸ் வாங்கிவிட்டேன். பத்திரிகைக்கு இப்படி எழுதினேன்: ‘படங்கள் திருப்பப்பட்டதைக் கட்டுரையாசிரியர்கள் மறைத்துவிட்டதால் என் குறிப்பு தவறான முடிவுக்கு வந்தது.’ மறந்ததை மறைத்தது என்று எழுதினாயே என்று குதிப்பாய். பாப்பா மறந்தாள். நீ மறைத்தாய். இரண்டு பேர் பெயரும் ஒரே கட்டுரையில் இருந்தால் நான் என்ன செய்ய?

தலையில் குட்டினேன் என்பது பொய். தட்டிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். அப்பா தன்னிடமோ அத்தையிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டார் என்று பாப்பா அவள் அம்மாவிடம் அழுதாளாம். கேட்டேனே! கேட்டுக் காத்தும் இருந்தேனே! அதனால் உன் மார்ச் கடிதத்தை, அந்த ‘உன் இஷ்ட’த்தை, அப்படியே உறையில் போட்டு அவளுக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். நன்றாக எரியட்டும் உனக்கு.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்தது. எரிந்தது. திருப்திதானே?

நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் அந்தக் காகிதத்தை மேடைமேல் வைத்தாள். “இது உங்க கையெழுத்துதானே அத்தை?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு இங்க உக்காந்து எத்தனை நாள் அழுதேன்? நீங்கதானே கண்ணைத் துடைச்சு விட்டீங்க? அப்பக்கூடச் சொல்லல.” நான் காகிதத்தை எடுத்து மடிக்கப் பார்த்தேன். “பம்புக்கு எண்ணெய் மாத்தினது எழுதியிருக்கீங்க, மின்விசிறி வாங்கினது எழுதியிருக்கீங்க. ஒரு வரி, ‘படத்தைத் திருப்பியிருக்கோம்’னு ஒரு வரி எழுத இடமில்லையா?” பால் பொங்கி வழிந்தது. அவள்தான் அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்து மேடையைத் துடைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மாலையில் இரண்டு பெட்டியோடு வண்டி ஏறிவிட்டாள்.

உன் வாபஸ் வரியையும் படித்தேன். என்னைக் குத்த எழுதியது, அவள் முதுகு வழியாக வந்து என்னைக் குத்தியிருக்கிறது. உனக்கு மூளை இருக்கிறது என்று ஊரே சொல்கிறது, எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே சந்தேகம்.

அவள் அங்கே வந்திருக்கிறாளா? அதை மட்டும் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 26

தங்கைக்கு,

இங்கே வரவில்லை. உங்கள் பல்கலைக்கழக விடுதியிலேயே ஓர் அறையில் இருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். உன் அண்ணி நான் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

“அப்பா, மறைச்சாங்கன்னு எழுதினீங்களே, அந்தக் கட்டுரையில முதல் பேரு என்னோடது. அத்தைய அடிக்க என்னையே கம்பா எடுத்தீங்களா?” என்றாள். இல்லம்மா என்றேன்.  உனக்கு இது ரொம்ப இனிக்கும், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

வழிகாட்டியாக உன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அக்டோபர் பத்தாம் தேதி தேர்வு. நீயும் வரக்கூடாதாம், நானும் வரக்கூடாதாம். மாத்திரை சாப்பிடு.

அண்ணன்


அக்டோபர் 14

அண்ணாவுக்கு,

அண்ணி நலமா? உன்னை நேரில் பார்ப்பேன் என்று நினைத்தேன். நீ வரவில்லை.

நான் போனேன். வரக்கூடாது என்று சொன்னால் கேட்கிற ஆளா நான்? கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தேன். உள்ளே நுழையும்போது என்னைப் பார்த்தாள், முகம் மாறவில்லை. நன்றாகப் பேசினாள். திருப்பாத படங்களைப் போட்டுக் காட்டினாள். ஒன்பது புள்ளியும் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் எழுந்தே நின்றுவிட்டார். மறுபடி போடச் சொன்னார். அண்ணா, எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் எங்கள் துறைத் தலைவர் ஆரம்பித்தார். அவருக்கு எல்லாம் தெரியும், நீயும் நானும் யார் என்பதும் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டார். “படத்தையெல்லாம் திருப்பி வைக்கணும்னு உங்களுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

உன்னைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஆசையோடு காத்திருந்தேன். அடுத்து, மார்ச்சிலேயே திருத்த முடிந்தும் திருத்தாத என்னைச் சொல்வாள், அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

“யாரும் சொல்லித் தரல சார்” என்றாள். “நானா செஞ்சது. ஒரு வரி எழுதாம விட்டது என் தப்பு.”

அவ்வளவுதான். தண்ணீர் குடித்தாள். வேறு கேள்வி இருக்கிறதா என்று அவளே கேட்டாள். பட்டம் கிடைத்துவிட்டது, வேலையும் கிடைத்த மாதிரிதான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவள் கேட்டிருக்க மாட்டாள்.

வெளியே வராந்தாவில் வழிமறித்தேன். அம்மாடி, புது ஊர் முகவரியைக் கொடு, குளிர் ஊராம், கம்பளி வாங்கி அனுப்புகிறேன் என்றேன். “அப்பாகிட்ட கேட்டு வாங்கிக்குங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் நீதான் ஜெயித்தாய். சந்தோஷமாக இரு. உன்னிடம் கெஞ்ச வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன், கெஞ்சுகிறேன். அந்த முகவரியை எனக்கு அனுப்பு.

தங்கை


நவம்பர் 2

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் தோளும் ரத்த அழுத்தமும் எப்படியோ. இங்கே ஏதோ இருக்கிறேன்.

வரக்கூடாது என்றாள், அதனால் நான் வரவில்லை. அவள் சொல்லி நான் கேட்ட முதல் விஷயம் அதுதான் என்று உன் அண்ணி சொல்கிறாள். அந்தப் பத்தாம் தேதி முழுக்க வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் பெயரை அவள் சொல்லவில்லை என்பதை உன் கடிதத்தில்தான் படித்தேன்.  சொல்லியிருந்தால் இரண்டு நாள் கத்தித் தீர்த்திருப்பேன்.

முகவரி என்னிடம் இல்லை. அவள் புது ஊருக்குக் கிளம்பிய அன்று போனில் கேட்டேன். “அத்தைகிட்ட கேளுங்கப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள். நீதான் வாங்கி வைத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்க்கிறாய் என்று நினைத்து, இத்தனை நாள் உன்னைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

உன் அண்ணியிடம் இருக்கிறது. கேட்டேன். காது கேட்காதவள் மாதிரி துணி மடித்தாள். நேற்று கம்பளிச் சட்டை, போர்வை எல்லாம் வைத்து ஒரு பார்சல் கட்டினாள். நான்தான் கயிறு பிடித்துக் கொடுத்தேன், முடிச்சின்மேல் விரல் வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் பேனாவை எடுத்தாள். எழுதாமல் என்னையே பார்த்தாள். “முகவரி எழுதணும். நீங்க கொஞ்சம் அந்த ரூமுக்குப் போங்க” என்றாள்.

போனேன்.

அண்ணன்